அரைப் பேர்

பொரளைச் சந்தியிலிருந்து கொட்டாவைக்குப் போகிற 174 பஸ்ஸில்தான் அந்தப் பாட்டை நாங்கள் முதன்முதலாகச் சத்தமாகக் கேட்டோம். 2021 மார்ச் மாதம். அதற்கு முதல் போனில், இயர்போனில், நூறு தடவையாவது கேட்டிருப்போம். ஆனால் டிரைவரின் தலைக்கு மேலே பூட்டியிருந்த அந்தப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டது வேற மாதிரி இருந்தது. டிரைவர் சிங்களவர், கொண்டக்டரும் சிங்களவர். பஸ்ஸில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ‘என்ஜாய் என்ஜாமி’ பாடிக்கொண்டிருந்தது. கொண்டக்டர் டிக்கெட் கட்டால் கம்பியில் தாளம் போட்டார்.

பொரளையில் பஸ்ஸுக்குள் அம்மாவோடு போனில் பேசும்போது குரலைக் குறைத்துக்கொள்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. யாரும் சொல்லித் தந்த பழக்கமில்லை. 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து என்ன தொடங்கியது என்பதைப் புத்தகத்தில்தான் படித்தோம். நாங்கள் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் கொழும்பில் வேலை பார்த்த மாமாமார் அன்றைக்குக் குறைத்த குரல் எங்கள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ரோட்டில், தோட்டத்துக் கிழவி ஒருத்தியின் கதை ஸ்பீக்கரில் போகிறது. இறங்க வேண்டிய ஹோல்ட்டில் நாங்கள் இறங்கவில்லை. பாட்டு முடிகிற வரை போய், அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நடந்து வந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒருவர் மஸ்கெலியா, ஒருவர் பொகவந்தலாவை, ஒருவர் நாவலப்பிட்டிப் பக்கம். கொட்டா ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் போடிங் அறை. ஒருவர் கடையில் கணக்கு எழுதுகிறார், ஒருவர் போன் திருத்துகிறார், ஒருவர் இன்னும் ஒரு கோர்ஸை முடித்துக்கொண்டே இருக்கிறார். அந்த பஸ்ஸில் நாங்கள் நாலு பேராக இருந்தோம். நாலாவது ஆள் எங்கள் பாடகன். எங்களுக்கு ஒரு இசைக்குழு இருந்தது: கீபோர்ட், கிட்டார், தப்பு, அவனுடைய குரல்.

இந்தக் கட்டுரை பாடகர் அறிவைப் பற்றியது. ஆனால் எங்கள் நாலாவது ஆளை விட்டுவிட்டு அதை எழுத எங்களால் முடியவில்லை.

*

குழுவை விட்டுத் தனியாகப் போகிற பாடகனின் கதை எங்கள் வயதுக்காரர்களுக்குப் புதுசில்லை. வன் டைரக்‌ஷனில் இருந்து 2015 மார்ச் 25இல் ஸெய்ன் மாலிக் விலகினார். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2016 மார்ச் 25இல், அவருடைய முதல் தனி ஆல்பம் ‘மைண்ட் ஒஃப் மைன்’ வந்தது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம். ஆல்பத்தின் பெயரிலேயே ‘என்னுடையது’ இருக்கிறது. இந்தக் கதையின் வழமையான வடிவம் அதுதான். முதலில் ‘நாங்கள்’, பிறகு ‘நான்’. குழுவில் இருந்தபோது சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன் என்று ஒரு பேட்டி. பழைய ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள்.

எங்கள் போடிங் வீட்டுக்கார அங்கிளுக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. அவருடைய காலத்து ஹீரோ க்ளாரன்ஸ் விஜேவர்தன. 60களில் மூன்ஸ்டோன்ஸ், பிறகு சூப்பர் கோல்டன் சைம்ஸ் என்று குழு மாறி, 1996இல் இறக்கும்வரை பாட்டுக் கட்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய பாட்டுத்தான் எங்கள் சுவர் வழியாக வரும். “மூன்ஸ்டோன்ஸ்தான் ஒரிஜினல்” என்று அங்கிள் இன்றைக்கும் சண்டை பிடிப்பார். அவருக்கு எழுபது வயது.

அறிவின் கதை இந்த வடிவத்துக்குள் சரியாக அடங்காது. அதனால்தான் அது எங்களைப் பிடித்துக்கொண்டது.

2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து சென்னையில் ஒரு இசைக்குழுவைக் கட்டினார்கள். பெயர் ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. 19ஆம் நூற்றாண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்கிற யோசனையிலிருந்து எடுத்த பெயர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, சட்டி, டோலக், கிட்டார், ட்ரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில். 2018 ஜனவரி 6ஆம் திகதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. 19 பேர், ஒரே மாதிரி கோட்டு சூட்டுப் போட்டு நின்றார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த மேளம் மேடையின் நடுவில் இருந்தது.

அந்த வீடியோவை நாங்கள் ஏ.எல். படிக்கிற காலத்தில் பார்த்தோம். எங்கள் ஊரில் தப்பு அடிக்கிறவரை வீட்டுக்குள்ளே கூப்பிட மாட்டார்கள். திருவிழாவுக்கு வேணும், சாவுக்கு வேணும், மற்ற நாளில் வாசலோடு சரி. எங்களில் ஒருவரின் தாத்தா தப்படித்தவர். அதை ஸ்கூலில் யாருக்கும் சொன்னதில்லை. அந்த வீடியோவுக்குப் பிறகு சொன்னான். எங்கள் குழு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் அரக்கோணத்துப் பையன் அறிவு. கூட்டத்தில் ஒருவராக நின்று வேகமாகச் சொல்லை அடுக்குகிறவர். அங்கிருந்து அவர் போன பாதையைத் திகதி வாரியாகப் பாருங்கள். 2018இல் ‘காலா’ படத்துக்குப் பாட்டு எழுதுகிறார். 2019இல் இசையமைப்பாளர் ஒஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குறள்’ ஆல்பம். பிறகு ‘மாஸ்டர்’ படத்தில் ‘வாத்தி ரெய்டு’. 2021 மார்ச்சில் ‘என்ஜாய் என்ஜாமி’. மூன்றே வருஷத்தில், பத்தொன்பது பேரில் ஒருவராக இருந்தவரின் பெயரைத் தனியாகச் சொன்னாலே எல்லோருக்கும் தெரிகிறது. அதே குழுவில் இருந்த கானா பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார். ஒரு நல்ல குழு தன்னுடைய ஆட்களைப் பிடித்துவைக்காது, வெளியே அனுப்பும் என்று இப்போது எழுதுகிறோம். எங்கள் சொந்தக் குழுவில் அதைச் செய்ய எங்களுக்குத் தெரியவில்லை.

*

‘என்ஜாய் என்ஜாமி’யின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் மலையகத்திலிருந்து பார்த்தால் அது கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும், அதனால் சொல்கிறோம்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அந்தப் பாட்டு அவர் சொன்ன கதைகளிலிருந்து வந்தது. வீடியோவிலும் அவர் வருகிறார்.

‘அனுப்பப்பட்டவர்’ என்கிற சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 975,000 பேர். அதில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அக்கா ஒரு பட்டியலில் இருந்தால் தங்கச்சி மற்றப் பட்டியலில் இருப்பாள். கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்கள் போனார்கள். எங்கள் மூன்று வீடுகளிலும் அப்படிப் போன ஒருவரின் பழைய ஃபோட்டோ இருக்கிறது. பின்பக்கம் மட்டும் பெயர் எழுதியிருக்கும்.

அப்படிப் போன ஒருவரின் பேரன் நாற்பது, ஐம்பது வருஷம் கழித்து ஒரு பாட்டோடு திரும்பி வருகிறான். எங்கள் பஸ்ஸுக்குள் வருகிறான். பாட்டின் பெயரில் இருக்கிற ‘ஏஞ்சாமி’யை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மாயி எங்களைக் கூப்பிடுவது அப்படித்தான். “ஏஞ்சாமி, சாப்டியா?” தொரைக்கும் சாமி என்றுதான் சொன்னார்கள், பேரப்பிள்ளைக்கும் சாமி என்றுதான் சொன்னார்கள். ஒரே சொல். ஒன்று பயத்தில் வருவது, மற்றது பாசத்தில் வருவது. அறிவு எடுத்தது பாசத்தை.

இன்னொன்றும் நடந்தது. பாட்டு வெளியானது 2021 மார்ச் 7. அதற்கு இரண்டு நாளைக்கு முதல், மார்ச் 5ஆம் திகதி, தோட்டத் தொழிலாளியின் ஒருநாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருஷம் எத்தனை தடவை ரோட்டில் இறங்கினார்கள் என்பது எங்கள் அம்மாமாருக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க எங்கள் வட்ஸ்அப் குரூப்பில் இந்த இரண்டு விஷயம்தான்: ஆயிரம் ரூபாய், என்ஜாய் என்ஜாமி.

*

இனிப் பேர் கதைக்கு வருகிறோம்.

யூடியூப்பில் அந்தப் பாட்டின் தலைப்பைப் பாருங்கள். முதலில் தீயின் பெயர். பிறகு ‘ஃபீச்சரிங்’ என்று போட்டு அறிவின் பெயர். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். 40 கோடிக்கும் மேலான தடவை பார்க்கப்பட்ட தலைப்பு அது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ‘என்ஜாய் என்ஜாமி’யை எழுதிப் பாடியவரும், ‘நீயே ஒளி’யை எழுதியவரும் மறுபடி கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்பட்டிருக்கிறார் என்று பா. ரஞ்சித் கேட்டார். பெரிய சத்தம் எழும்பிய பிறகு அறிவை வைத்து இன்னொரு டிஜிட்டல் அட்டை வந்தது.

2022 ஜூலை 28ஆம் திகதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். மேடையில் அறிவு இல்லை. ஆகஸ்ட் 1ஆம் திகதி அவர் இன்ஸ்டகிராமில் எழுதினார். மெட்டையோ சொல்லையோ யாரும் தனக்குத் தரவில்லை, ஆறு மாசம் தூக்கமில்லாமல் உழைத்தேன், இது தேயிலைத் தோட்டத்தில் அடிமைப்பட்ட என் முன்னோரின் வரலாறு என்பது அதன் சாரம். சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் எழுதினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார், அதனால் வர முடியவில்லை, பாட்டின் வருமானத்திலும் உரிமையிலும் மூன்று பேருக்கும் சம பங்கு என்றார்கள். 2024 மார்ச்சில் அந்தச் சம பங்குக் கதைக்கு ஒரு வால் முளைத்தது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு சதம்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார்.

யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்கிற இடத்தில் நாங்கள் இல்லை. ஒரு பாட்டு மூன்று பேர் கையால் உருவாகும்போது எந்த இடத்தில் ஒருவரின் வேலை முடிந்து மற்றவரின் வேலை தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது லேசில்லை. குழுவில் வாசித்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் “பேருக்காக ஏன் இப்படி அழுகிறான்?” என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் எங்களிடம் பதில் இருக்கிறது.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் சம்பளம். உண்மையாகவே அப்படித்தான். காலையில் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயரைக் குறிப்பார். பொழுதுபட கொழுந்து நிறுப்பார்கள். கேட்ட கிலோ இருந்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். “இன்னிக்கு பேர் போட்டானா?” என்று எங்கள் அம்மா பக்கத்து லயத்து அக்காவைக் கேட்டால், சம்பளம் விழுந்ததா என்று அர்த்தம். “அரைப் பேர்தான்டி போட்டான்” என்று அந்த அக்கா சொன்னால் அன்றைக்கு அந்த வீட்டில் ரொட்டியும் சம்பலும்தான். நாள் முழுக்க மலை ஏறி இறங்கின உடம்பு முழு உடம்பு, விழுந்தது மட்டும் பாதி. அதற்கு முறைப்பாடு கொடுக்க வேண்டுமென்றால் அதே கணக்கப்பிள்ளையிடம்தான் போக வேண்டும்.

பேர் என்பதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கிற இடத்திலிருந்து வந்தவனுக்கு, தன் பேர் ‘ஃபீச்சரிங்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது எப்படி இருந்திருக்கும்? நாங்கள் மூன்று பேரும் ஆகஸ்ட் 1 இரவே அறிவின் பதிவை ஷெயர் பண்ணினோம். “உழைப்பவனின் பேரை அழிக்காதே” என்று மேலே எழுதினோம். 112 லைக். எண்ணியதால் ஞாபகம் இருக்கிறது.

அதற்கு முந்தின மாதத்தில் நாங்கள் செய்திருந்த இன்னொரு வேலையை யாருக்கும் சொல்லவில்லை.

*

எங்கள் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாட்டு. அவனுடைய அம்மாயி பாடுகிற பாட்டு. அம்மாயியின் அக்கா 70களில் கப்பலேறிப் போனவர். போன பிறகு ஒரு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அம்மாயி கொழுந்து எடுக்கும்போது அக்காவைக் கூப்பிட்டு ஒப்பாரி மாதிரி ஒன்று பாடுவாராம். அவன் அதை போனில் பதிந்துகொண்டு வந்தான். நாங்கள் முன்னால் ஒரு கீபோர்ட் ஆரம்பம் போட்டோம், நடுவில் தப்பைக் கொண்டுவந்தோம், கடைசியில் வேகமாக்கினோம். கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீட்டில் முதல்முறை வாசித்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். அதுக்குப் பிறகு வெள்ளவத்தை ஹோல்களில் மூன்று நாலு ஷோ கிடைத்தது. “இது இவர்களுடைய சொந்தப் பாடல்” என்று அறிவிப்பாளர் சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம்.

ஒருநாள் ஷோவுக்கு முதல் அவன் கேட்டான். “மச்சான், பாட்டுக்கு முன்னால அம்மாயி பேரச் சொல்லுவமா?”

“அப்புறம் நம்ம பேண்ட் பேர யாரு ஞாபகம் வைப்பாங்க?” என்று ஒருவர் சொன்னோம். மற்ற இரண்டு பேரும் சிரித்தோம். அவனும் சிரித்தான் என்றுதான் அப்போது நினைத்தோம்.

வீடியோவின் கீழே இப்படிப் போட்டோம்: வரிகள், இசை, குரல் - குழுவின் பெயர். யாருடைய பெயரையும் தனியாகப் போடவில்லை. இது ஒரு கொள்கை என்று நாங்கள் உண்மையிலேயே நம்பினோம். நாங்கள் ஒரு கூட்டு, கூட்டில் தனி ஆள் இல்லை என்று பெருமையாகப் பேசினோம். ‘கலெக்டிவ்’ என்கிற சொல்லை எங்கே படித்தோம் என்று மேலே எழுதியிருக்கிறோம்.

2022 வந்தது. 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, கல்யாண மண்டபங்களில் கல்யாணமே இல்லை. ஜூன் மாதம் அவன் போனான். சண்டை பிடித்துப் போகவில்லை. வெள்ளவத்தையில் ஒரு தெரிந்தவரின் வீட்டில் தங்குகிறேன், தனியாகக் கொஞ்சம் பாடிப் பார்க்கிறேன் என்றான். தன் பாயைச் சுருட்டிக்கொண்டு 154 பஸ்ஸில் ஏறினான். ஜூலையில் அவனுடைய சொந்தச் சேனலில் முதல் வீடியோ வந்தது. அதே பாட்டு. கீபோர்ட் இல்லை, தப்பு இல்லை. அவனுடைய குரல், கடைசியில் அம்மாயியின் பழைய போன் பதிவு. கீழே, ‘பாட்டு’ என்ற இடத்தில், அம்மாயியின் முழுப் பெயர்.

நாங்கள் அது எங்கள் பாட்டு என்று முறைப்பாடு போட்டோம். எங்கள் வீடியோ முதலில் வந்ததால் அவனுடைய வீடியோ தூக்கப்பட்டது. அவன் எங்களுக்கு போன் பண்ணவில்லை. அது நடந்து பத்து நாள் கழித்துத்தான் நாங்கள் அறிவுக்காகக் கொதித்தோம்.

*

அந்தத் தீபாவளிக்கு எங்களில் ஒருவர் ஊருக்குப் போனபோது அவனுடைய தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அம்மாயி லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாராம். பார்த்தவுடன் “வாய்யா சாமி” என்று கூப்பிட்டு, தேத்தண்ணி ஊத்தக் கொடுத்து, முறுக்கும் வைத்துவிட்டுத்தான் கேட்டாராம்.

“ஏஞ்சாமி, எம்பேர் போட்ட பாட்ட அழிச்சிட்டீங்களாமே?”

இவருக்கு வாய் வரவில்லை.

“அம்பது வருசம் பேர் போட்டாய்ங்க. மழ பேஞ்சா அரப் பேர், கொழுந்து கொறஞ்சா அரப் பேர். நீங்க அதுகூடப் போடலியேய்யா.” சொல்லிவிட்டுச் சிரித்தாராம். கோபம் இல்லையாம். அதுதான் எங்களுக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம்.

கணக்கப்பிள்ளை எங்கேயோ இருக்கிறார், தொரை எங்கேயோ இருக்கிறார், பெரிய கம்பனிக்காரன், பத்திரிகைக்காரன் எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். செக்ரோல் எங்கள் கையிலும் இருந்திருக்கிறது.

முறைப்பாட்டை வாபஸ் எடுத்தோம். எங்கள் வீடியோவின் கீழே அம்மாயியின் பெயரைப் போட்டோம். “ஸொரி” என்று ஒரு சொல்லில் ஒரு மெசேஜ் அனுப்பினோம். மூன்று நாள் கழித்து அவன் ஒரு பெருவிரல் அனுப்பினான். அவ்வளவுதான்.

*

2024இல் அறிவின் தனி ஆல்பம் வந்தது. குழுவிலிருந்து வந்து, படப் பாட்டு எழுதி, உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பாட்டுக்குப் பிறகு, அவ்வளவு பெரிய பேர்ச் சண்டைக்கும் பிறகு, முழுக்க முழுக்கத் தன் பேரில் வருகிற ஆல்பம். அதற்கு அவர் என்ன தலைப்பு வைத்தார் தெரியுமா? ‘வள்ளியம்மா பேராண்டி’.

பேருக்காகத்தான் அழுகிறான் என்று சொன்னவர்கள் இந்தத் தலைப்பைக் கவனித்தார்களோ தெரியாது. தனியாகப் போனவர், முழுத் தலைப்பும் தன் கையில் கிடைத்தபோது, தன்னைப் பேரனாக மட்டும் எழுதிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. மேடைக்கு மறுபடி ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டார், ‘அம்பஸ்ஸா’ என்று பெயர். குழுவிலிருந்து ‘நான்’ ஆகிறதுதான் தனிப் பயணம் என்றால் இது வேறு பயணம். ஒரு ‘நாங்கள்’ இலிருந்து கிளம்பி, அதைவிடப் பழைய இன்னொரு ‘நாங்கள்’ இடம் போய்ச் சேர்கிற பயணம். நடுவில் கொஞ்சத் தூரம் தனியாக நடக்கத்தான் வேண்டியிருக்கிறது. யாருடைய பெயரையும் சொல்லாத கூட்டத்துக்குள் நின்றுகொண்டு வள்ளியம்மாளின் பெயரைச் சொல்ல முடியாது.

எங்கள் நண்பன் அதைத்தான் செய்தான். நாங்கள் அதற்குத் துரோகம் என்று பெயர் வைத்தோம்.

குழுக்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இல்லாவிட்டால் எங்களில் ஒருவர் இன்றைக்கும் தன் தாத்தாவின் தப்பை மறைத்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் ‘நாங்கள்’ என்று சொல்லும்போது அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லத் தெரிய வேண்டும். எண்ணாமல் சொல்கிற ‘நாங்கள்’ ஒரு கணக்கப்பிள்ளைச் சொல். இந்தக் கட்டுரையை மூன்று பேர் சேர்ந்துதான் எழுதுகிறோம், எழுதும்போது இரண்டு தடவை சண்டையும் பிடித்தோம். அம்மாயியின் பெயரை இங்கே போடலாமா என்பதுதான் சண்டை. அவரிடம் கேட்காமல் போட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இந்தமுறை கேட்க வேண்டும் என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

போன மாதம் வெள்ளவத்தையில் அவனுடைய ஷோ. சின்ன இடம், அறுபது பேர் இருந்திருப்பார்கள். நாங்கள் டிக்கெட் எடுத்து, கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றோம். அந்தப் பாட்டுக்கு முதல் மைக்கில் அம்மாயியின் பெயரைச் சொன்னான், தோட்டத்தின் பெயரைச் சொன்னான், இந்தியா போன பெரியம்மாயியின் பெயரையும் சொன்னான். கூட்டம் கை தட்டியது. பிறகு புதிதாக ஒரு பையன் கீபோர்டில் ஆரம்பித்தான்.

அது நாங்கள் போட்ட ஆரம்பம். கொட்டா ரோட்டு அறையில், கரண்ட் போன ஒரு இரவில், மெழுகுதிரி வைத்துக்கொண்டு கண்டுபிடித்தது. ஒரு நோட்கூட மாறவில்லை. எங்கள் பெயரை அவன் சொல்லவில்லை.

ஷோ முடிந்து வெளியே வந்து காலி வீதியில் 154க்குக் காத்திருந்தபோது எங்களில் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தது. “நமக்கு அரைப் பேராச்சும் போட்டிருக்கலாம்டா.”

மூன்று பேரும் சிரித்தோம். பஸ் வந்தது. பொரளைக்கு மூன்று டிக்கெட் எடுத்தோம்.